புத்தகமே இல்லாத ஒரு புத்தகப் பிரியன் படம்: கீஸ்லோவ்ஸ்கியின் 'டிராம்'

கேள்வி, ஜூன் 4

போலந்தின் லோட்ஸ் திரைப்படப் பள்ளி மாணவர்கள் அந்தக் காலத்தில் எடுத்த குறும்படங்களில், புத்தகப் பிரியர் ஒருவரைப் பற்றிய படம் ஏதாவது சொல்ல முடியுமா? எங்கள் வாசகர் வட்டத்தில் திரையிட வேண்டும். பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். வசனம் குறைவாக இருந்தால் நல்லது. வருகிறவர்கள் எல்லோரும் ஊறிய வாசகர்கள், படம் பார்க்கிறவர்கள் அல்லர்.

ஜூன் 4, இரவு

'டிராம்'. பிற்காலத்தில் பெரிய இயக்குநரான கிறிஸ்தோஃப் கீஸ்லோவ்ஸ்கி மாணவராக இருந்தபோது, 1966-இல் எடுத்தது. ஆறு நிமிடம்கூட ஓடாது. கறுப்பு வெள்ளை. வசனம் மட்டுமல்ல, ஒலியே கிடையாது.

அதில் ஒரு புத்தகம்கூட வராது. இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். காரணத்தை நாளை எழுதுகிறேன், இப்போது நேரமாகிவிட்டது.

ஜூன் 5, காலை

கதை இவ்வளவுதான். ஓர் இளைஞன் இரவில் ஒரு கொண்டாட்டத்திலிருந்து தனியாகக் கிளம்புகிறான். ஓடிப்போய் டிராமைப் பிடிக்கிறான். உள்ளே ஒரு பெண். அவளைப் பார்க்கிறான். அவளும் பார்க்கிறாள். பிறகு அவள் தூங்கிவிடுகிறாள். தன் நிறுத்தம் வந்ததும் அவள் இறங்கிப் போய்விடுகிறாள், இவன் டிராமில் தனியாகப் போகிறான்.

இதில் வாசகன் எங்கே வந்தான்? அந்தப் பார்வையில். நாவல் படிக்கிறவன் ஒருத்தியை முந்நூறு பக்கம் பின்தொடர்கிறான். அவள் தலை சாய்ப்பது தெரியும், எதற்குச் சிரிப்பாள் என்பது தெரியும். அவளுக்கு இவன் இருப்பதே தெரியாது. டிராமில் தூங்குகிற பெண்ணை ஒருவன் பார்த்துக்கொண்டு நிற்பதும் அதே நிலைமைதான். பார்க்கலாம், தொட முடியாது, கூப்பிட முடியாது. கீஸ்லோவ்ஸ்கி படிப்பதைப் படமாக்கவில்லை. படிக்கிறவனுக்குள் நடப்பதை எடுத்து டிராமில் உட்கார வைத்துவிட்டார்.

ஜூன் 5, இரவு

திருத்தம். காலையில் நினைவிலிருந்து எழுதினேன். இப்போது மறுபடியும் பார்த்தேன். முடிவைத் தப்பாகச் சொல்லிவிட்டேன்.

இறங்குவது அவள் இல்லை, அவன். அவனுடைய நிறுத்தம் வருகிறது. தயங்குகிறான், இறங்கிவிடுகிறான். டிராம் நகர்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தூங்கியபடியே போகிறாள். அதற்குப் பிறகுதான் அவன் டிராமைத் துரத்தி ஓட ஆரம்பிக்கிறான்.

இது சின்னப் பிழை இல்லை. அவள் இறங்கியிருந்தால் அது ஏமாற்றம், யாருக்கும் நடக்கிறது. இங்கே அவன் தானாகவே இறங்குகிறான். வீடு வந்துவிட்டது, இறங்க வேண்டியதுதான் என்கிற பழக்கம் அவனை இறக்கிவிடுகிறது. கால் தரையில் பட்ட பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று புரிகிறது. ஒரே டிராமுக்காக ஆறு நிமிடத்துக்குள் இரண்டு முறை ஓடுகிறான். முதல் தடவை வீட்டுக்குப் போக. இரண்டாவது தடவை வீட்டை விட்டு.

வாசகன் என்று சொன்னேனே, அது இப்போது இன்னும் பொருந்துகிறது. கடைசிப் பக்கம் வந்ததும் மூடித்தான் வைக்கிறோம். எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறோம். அடுப்படி வரை போன பிறகு நெஞ்சு அடைக்கிறது.

ஜூன் 6

ஊர்ப் பெயர் பற்றி ஒரு நண்பர் தனியாகக் கேட்டார். நாம் லோட்ஸ் என்று எழுதுகிறோம். அந்த ஊர்க்காரர்கள் சொல்வது ஏறத்தாழ 'வூட்ச்'. சொல்லுக்குப் படகு என்று பொருள். நெசவாலைகளால் வளர்ந்த ஊர். திரைப்படப் பள்ளி 1948-இல் தொடங்கியது, தார்கோவா தெருவில் ஓர் ஆலை முதலாளியின் மாளிகையில். அந்த மாளிகையின் மரப் படிக்கட்டு பிரசித்தம். மாணவர்கள் அதில் உட்கார்ந்துதான் படங்களைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். வெளியில் பொதுமக்களுக்குக் கிடைக்காத வெளிநாட்டுப் படங்கள் பள்ளிக்குள் மாணவர்களுக்குத் திரையிடப்பட்டன.

'டிராம்' படத்துக்கு மேற்பார்வை வாண்டா யாகுபோவ்ஸ்கா. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிரோடு திரும்பி, அதே முகாமுக்குப் போய்ப் படம் எடுத்தவர், அது 1948-இல் வெளிவந்தது. ஓர் இளைஞன் டிராமில் ஒரு பெண்ணைப் பார்க்கிற ஆறு நிமிடப் பயிற்சிப் படத்தை அவர் மேற்பார்த்திருக்கிறார். இதை அறிந்த நாளிலிருந்து அந்தப் படத்தின் மென்மை எனக்குக் கூடுதலாகத் தெரிகிறது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 8

புத்தகப் பிரியன் என்று கீஸ்லோவ்ஸ்கியைச் சொல்ல என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

டானுஷா ஸ்டோக் தொகுத்த நேர்காணல் நூலில் அவரே சொல்கிறார். அப்பாவுக்குக் காசநோய். குடும்பம் சானடோரியம், அதாவது காசநோய் மருத்துவமனை, இருக்கிற ஊர்களாகப் பார்த்து மாறிக்கொண்டே இருந்தது. சிறுவனுக்கும் நுரையீரல் பலவீனம். போர்வையைப் போர்த்தி வராந்தாவில் படுக்கப் போட்டுவிடுவார்கள், நல்ல காற்று படட்டும் என்று. படுத்த இடத்தில் செய்வதற்கு என்ன இருக்கிறது? படித்திருக்கிறார். இரவில் போர்வைக்குள் டார்ச் வைத்துப் படித்திருக்கிறார். காம்யுவும் தஸ்தயேவ்ஸ்கியும் தன்னை எவ்வளவு உருவாக்கினார்களோ, அவ்வளவே செவ்விந்தியர் கதைகளும் டாம் சாயரும் உருவாக்கின என்கிறார். உயர்ந்தது, தாழ்ந்தது என்று அவர் பிரிக்கவில்லை. எனக்கு அவர் மீது மதிப்பு வந்தது முதலில் அந்த வரியால்தான், படங்களால் அல்ல.

ஏனென்றால் நானும் அப்படிப் படுத்திருந்தவள். ஒன்பது வயதில் பிரைமரி காம்ப்ளெக்ஸ், குழந்தைகளுக்கு வரும் காசநோய். ஐந்து மாதம் பள்ளிக்கூடம் இல்லை. தினமும் மாத்திரை, முட்டை, மத்தியானத் தூக்கம். அக்கா வாடகை நூலகத்திலிருந்து பைண்டு செய்த தொடர்கதைகளைக் கொண்டுவந்து போடுவாள். பார்த்தவர்களுக்குத் தெரியும், வாரப் பத்திரிகைகளிலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்து, முதுகில் ஊசி குத்தித் தைத்து, கலிகோ துணி ஒட்டிய அட்டை. ஓரத்தை வெட்டும்போது வரியின் கடைசி எழுத்தும் சேர்ந்து போயிருக்கும். கதைப் பக்கத்தைத் திருப்பினால் பாதி ஜோக், பாதி தைல விளம்பரம். யாரோ பச்சை மையில் ஒரு பக்கத்தில் 'பாவி' என்று எழுதி வைத்திருந்தார்கள், வில்லன் பெயருக்குப் பக்கத்தில்.

அதில் ஒரு கதைக்குக் கடைசி இரண்டு அத்தியாயம் இல்லை. தைத்தவருக்கே கிடைக்கவில்லை போலிருக்கிறது. கதாநாயகி ரயில் நிலையத்தில் பெட்டியோடு நிற்கிறாள், அடுத்தது பின்னட்டை. அந்த ஐந்து மாதத்தில் அவளை நான் எத்தனை ஊருக்கு ரயிலேற்றி அனுப்பியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

ஜூன் 8, சற்றுப் பிறகு

எழுதி முடித்ததும் நினைவுக்கு வந்தது. கீஸ்லோவ்ஸ்கிக்கும் இப்படி ஒரு குறைப்பிரதி உண்டு. சோகோவோவ்ஸ்கோ என்கிற சின்ன மலையூர், சானடோரியம் ஊர்தான். அங்கே படம் போடுவார்கள். டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. பையன்கள் கூரை மேல் ஏறி, காற்றுப் போக்கி வழியாகக் கீழே எட்டிப் பார்ப்பார்கள். அங்கிருந்து திரை முழுவதும் தெரியாது, ஒரு துண்டுதான் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் நடிகரின் காலோ கையோ அந்தத் துண்டுக்குள் வரும். மற்றதை அவர்களே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அவருடைய படங்களில் ஒரு கை, ஒரு தேநீர்க் கோப்பை, ஒரு கண்ணாடி மேல் இவ்வளவு நேரம் நிற்கிறாரே என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கூரையைத்தான் காட்டுவேன்.

ஜூன் 9

அவர் திரைப்படப் பள்ளியில் சேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், டிராமுக்குச் சம்பந்தம் உண்டு.

முதலில் தீயணைப்பு வீரர்களுக்கான பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார்கள். மூன்று மாதத்தில் சீருடை ஆகாது என்று தெரிந்துவிட்டது. பிறகு வார்சாவில் நாடக மேடைத் தொழில்நுட்பம். நாடக இயக்குநராக வேண்டும் என்பதுதான் ஆசை. சினிமா ஒரு சுற்றுவழி. லோட்ஸ் பள்ளி இரண்டு முறை நிராகரித்தது. மூன்றாவது முறை, 1964-இல் எடுத்துக்கொண்டது.

அந்த நுழைவுத் தேர்வில் ஒரு கேள்வி: வெகுஜனத் தொடர்புச் சாதனங்கள் எவை? பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி என்று சொல்ல வேண்டும். இவர் சொன்ன பதில்: டிராம், பஸ், டிராலிபஸ். யோசித்துவிட்டு விமானத்தையும் சேர்த்தாராம். சரியாகச் சொல்லிவிட்டோம் என்றே நினைத்திருக்கிறார். தேர்வாளர் இதை நையாண்டி என்று எடுத்துக்கொண்டு மெச்சியிருக்க வேண்டும், அதனால்தான் இடம் கிடைத்தது என்று பிற்காலத்தில் நம்பினார்.

எனக்கு அது தப்பான பதிலாகவே தோன்றவில்லை. ஒருவரை ஒருவர் அறியாத இருவரை எதிரெதிரே உட்கார வைக்கிற சாதனம் டிராமைத் தவிர வேறு என்ன? இரண்டு வருடம் கழித்து அந்தப் பதிலையே படமாக எடுத்துக் காட்டிவிட்டார்.

ஜூன் 12

இயக்குநர் ரோமன் போலன்ஸ்கியின் படத்தை ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்கிறார். 'இரண்டு மனிதர்களும் ஓர் அலமாரியும்', 1958. அதே பள்ளி. கடலிலிருந்து இரண்டு பேர் ஒரு துணி அலமாரியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், ஊர் அவர்களை எங்கேயும் சேர்க்காது, மறுபடியும் கடலுக்கே போவார்கள். கொமேடாவின் இசை. நல்ல படம்தான். ஆனால் அது ஒரு கதைக்கருத்து. ஒரு தடவை பார்த்தால் பிடிபட்டுவிடும். 'டிராம்' பிடிபடுவதில்லை. உங்கள் வட்டத்துக்கு அதுதான் சரி.

ஜூன் 13

இரண்டு படம் போட நேரம் இருந்தால், அடுத்ததாக 'அலுவலகம்' போடுங்கள். அதே 1966, அதே ஆள், அதே ஆறு நிமிடம். இது ஆவணப்படம். காஷிமியேஷ் கரபாஷ் என்கிற பெரிய ஆவணப்பட ஆசிரியரின் மேற்பார்வை. அரசுக் காப்பீட்டு அலுவலகத்தில் ஓய்வூதிய ஜன்னல். இந்தப் பக்கம் வயதானவர்கள். அந்தப் பக்கம் எழுத்தரின் குரல். இந்தத் தாள் இல்லை, அந்தச் சான்று வேண்டும். கடைசியில் கோப்புகள் அடுக்கிய அலமாரிகள். அவற்றின் மேல் அந்தக் குரல், படிவத்தில் உள்ள கேள்வியைக் கேட்கிறது: வாழ்நாள் முழுவதும் என்ன செய்தீர்கள்?

படிவத்தில் அதற்கு விட்டிருக்கிற இடம் எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள்.

என் அப்பாவோடு வாழ்நாள் சான்றிதழுக்கு நின்றிருக்கிறேன். உயிரோடு இருக்கிறார் என்பதற்குத் தாள் கொடுக்க வேண்டும். ஆளே எதிரில் நிற்கிறார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகவில்லை என்றார். அப்பாவுக்கு அந்த வருடம் கை நடுக்கம் வந்திருந்தது. அவர் முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுத்த ஆசிரியர். ஒன்றும் சொல்லவில்லை. தாளை வாங்கி, சுவரில் வைத்து, மறுபடியும் போட்டார். மூன்றாவது தடவையில் ஒத்துப்போனது. 'அலுவலகம்' பார்க்கும்போது அந்தச் சுவர்தான் எனக்குத் தெரிகிறது.

வாசகர்களுக்கு இந்தப் படத்தை ஏன் சொல்கிறேன் என்றால், எழுத்து என்பது மனிதனை எவ்வளவு விரிக்கும் என்பது நமக்குத் தெரியும். அது மனிதனை எவ்வளவு சுருக்கும் என்பதைப் புத்தகப் பிரியன் ஒருவன்தான் இவ்வளவு வேதனையோடு பார்த்திருக்க முடியும்.

ஜூன் 15

மறுபடியும் என் ஜூன் 5 காலைக் குறிப்பைப் படித்தேன். 'படிக்கிறவனுக்குள் நடப்பதை எடுத்து டிராமில் உட்கார வைத்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறேன். கீஸ்லோவ்ஸ்கி இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அவருடைய கருத்து இதற்கு நேர் எதிர். மனிதனுக்குள் இருப்பதைக் காட்ட வேண்டும், ஆனால் அதைப் படமெடுக்க வழி இல்லை, பக்கத்தில் போகலாம், அவ்வளவுதான் என்பார். பெரிய இலக்கியம் பக்கத்தில் போவது மட்டுமல்ல, அதைச் சொல்லியும் விடுகிறது. அதற்கு சிகரெட் லைட்டரை உதாரணம் காட்டுவார். லைட்டரைப் பற்றவைப்பதை எடுத்தால், திரையில் அது லைட்டர் பற்றுவதுதான். பற்றவில்லை என்றால் லைட்டர் கெட்டுப்போயிருக்கிறது. அதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. பத்தாயிரத்தில் ஒரு தடவை வேறு ஏதாவது பொருள் வந்தால், யாரோ அற்புதம் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். சமீப காலத்தில் அதைச் செய்தவர் என்று ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கியைச் சொன்னார்.

தன் கலையைவிடப் பக்கத்து வீட்டுக் கலை பெரியது என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டு படம் எடுத்த மனிதர். 1994-இல் இனிப் படம் எடுப்பதில்லை என்று அறிவித்தபோது என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னார் தெரியுமா? உட்கார்ந்து புகைபிடிப்பேன், படிப்பேன். 1996 மார்ச்சில் போய்விட்டார். 54 வயது. படிக்கக் கிடைத்தது இரண்டு வருடமும் முழுதாக இல்லை. இதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

அதனால் திருத்திச் சொல்கிறேன். 'டிராம்' படத்தில் அவர் உள்ளே போகவில்லை. போக முடியாத இடத்தில் கண்ணாடியை வைத்திருக்கிறார், அதற்கு வெளியே ஒருவனை ஓடவிட்டிருக்கிறார்.

ஜூன் 16

அந்த ஓட்டம் அங்கே நிற்கவில்லை. கீஸ்லோவ்ஸ்கியின் 'தற்செயல்' படத்தில் வீடெக் என்கிற இளைஞன் ரயிலைத் துரத்துகிறான். பிடித்தால் ஒரு வாழ்க்கை, காவலர் மேல் மோதினால் ஒரு வாழ்க்கை, தவறவிட்டால் ஒரு வாழ்க்கை, மூன்றும் காட்டப்படும். 1981-இல் எடுத்த படம், 1987-இல்தான் வெளியிட விட்டார்கள். 'காதலைப் பற்றிய ஒரு குறும்படம்' 1988. அதில் அவள் சொல்வாள், பஸ்ஸைப் பிடித்துவிட்டால் நீ என் வீட்டுக்கு வரலாம் என்று. பஸ் கிளம்பிவிடும். ஓடுவார்கள். பஸ் நின்று ஏற்றிக்கொள்ளும்.

டிராம், ரயில், பஸ். விமானம்தான் பாக்கி.

ஜூன் 17

புத்தகமே வேண்டும் என்று விடாமல் கேட்கிறீர்கள். சரி, இருக்கிறது, ஆனால் மாணவர் படத்தில் இல்லை. 'சிவப்பு', 1994, அவருடைய கடைசிப் படம். சட்டம் படிக்கிற இளைஞன் ரப்பர் பட்டையால் கட்டிய புத்தகங்களைத் தெருவில் தவறவிடுவான். ஒன்று விரிந்து விழும். விரிந்த பக்கத்தைப் படிப்பான். தேர்வில் அதே கேள்வி வரும். கிழவரான நீதிபதிக்கும் இளமையில் அதுவே நடந்திருக்கிறது, நாடக அரங்கின் மாடத்திலிருந்து புத்தகம் கீழே விழுந்து. புத்தகத்தைக் கையில் வைத்துப் படிப்பதைக் கீஸ்லோவ்ஸ்கி காட்டியதைவிட, அது கை நழுவி விழுவதைக் காட்டியது எனக்குச் சரியாகப் படுகிறது. திறந்த பக்கம் நம்மைத் தேர்ந்தெடுக்கிறது என்பது படிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடந்திருக்கும்.

ஜூன் 21

திரையிடலுக்கு ஒன்றிரண்டு விஷயம். 'டிராம்' ஓடும்போது பின்னணியில் பாட்டுப் போடாதீர்கள். சிலர் இணையப் பிரதிகளில் பியானோ ஒட்டி வைத்திருப்பார்கள், அது வேண்டாம். மின்விசிறிச் சத்தம் இருக்கட்டும். முன்னுரை வேண்டாம். இரண்டு தடவை போடுங்கள், நடுவில் பேசவிடாமல். பிறகு 'அலுவலகம்'.

ஜூன் 29

திரையிடல் நடந்ததை எழுதியதற்கு நன்றி. பதினெட்டுப் பேர் வந்தது பெரிய விஷயம். இரண்டாவது தடவை போட்டபோது யாரும் எழுந்து போகவில்லை என்பது அதைவிட.

ஓய்வுபெற்ற அந்த ஆசிரியை கேட்ட கேள்வியை நான் மூன்று நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். "அந்தப் பொண்ணு எங்கே இறங்க வேண்டியவள்? தூக்கத்துல அவளோட ஸ்டாப்பைத் தாண்டிட்டாளா?"

இத்தனை வருடமாக அவனுடைய நிறுத்தத்தைப் பற்றி மட்டும்தான் நினைத்திருக்கிறேன். அவளுக்கும் ஒரு நிறுத்தம் இருக்கும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. இன்று இரவு மறுபடியும் பார்க்கப் போகிறேன், இந்தத் தடவை அவளை மட்டும்.